ஒற்றும் உய்த்துணர்வும்: நெருக்கடிக்கால உளவாய்வாளர் பயிற்சி

மாரிகாலத்தில் மட்டக்களப்பு வாவி நிரம்பித் ததும்பும்போது, முகத்துவாரத்தை எப்பொழுது வெட்டுவது என்னும் வினா எழுகின்றது. காலந்தாழ்த்தி வெட்டினால் படுவான்கரை வட்டைகளிலே பெரும்போகப் பயிர் நீரில் மூழ்கி அழுகும். முந்தி வெட்டினால் வாவியின் மீனும் இறாலும் கடலோடு போய்விடும். கட்டளையிடும் பொறுப்பு ஒருவருடையது. அவர் மேசைக்கு வந்துசேரும் செய்திகளோ பல. குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன என்பது நீர்ப்பாசனப் பகுதியார் தரும் செய்தி. வயலில் நீர் முழங்காலளவு நிற்கின்றது என்பது வட்டை விதானையின் செய்தி. வாவி இன்னும் அத்துணை ஏறவில்லை என்பது மீனவர் கூற்று. இன்னும் இரண்டு நாள் மழை உண்டு என்பது வானிலை நிலையத்தார் மொழி. இவற்றுள் ஒவ்வொன்றும் மெய்யாயிருத்தல் கூடும்; ஒவ்வொன்றிலும் சொல்வோரின் நலம் சிறிது கலந்திருத்தலுங் கூடும். இவை யாவற்றையும் சீர்தூக்கி, "இன்றிரவு வெட்டாவிடின் நாளைக் காலை இன்ன இடத்தில் இன்னது நிகழும், இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம், இதற்கு மேல் தெரியாது" என ஒரே தாளில் எழுதிக்கொடுக்க வல்லவர் ஒருவர் அருகிருப்பின், கட்டளையிடுவோரின் சுமை பாதி குறையும்.

அரசுகள் தம் பாதுகாப்பின்பொருட்டு இவ்வேலைக்கென வைத்திருக்கும் அலுவலரையே உளவாய்வாளர் என்கின்றோம். இவர் ஒற்றர் அல்லர். ஒற்றர் செய்தி கொணர்வார். உளவாய்வாளர் அச்செய்தியின் பொருளை உணர்ந்துரைப்பார். இவ்விரு தொழிலையும் ஒன்றெனக் கருதுவதால், உளவு என்றவுடன் மாறுவேடமும் மறைவிடமும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இப்பணியின் பெரும்பகுதி மேசையருகே அமர்ந்து வாசித்தலும் ஐயுறுதலும் எழுதுதலுமேயாகும். இதற்குரிய பயிற்சி எத்தகையது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒற்றரின் இயல்பைக் கூறுவதோடு அமையாது, ஒற்றர் கொணர்ந்ததை ஆராயும் முறையையும் கூறுகின்றார். ஓர் ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனால் ஒப்புநோக்குக என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவழியே அதனைத் தெளிக என்றும் அவர் கருதினார். கௌடிலியரின் அருத்தசாத்திரத்திலும் மூவர் சொல் ஒத்தல் என்னும் விதி உண்டு. மாணவர் பலர் இங்கே மூன்று என்னும் எண்ணையே நினைவிற் கொள்வர். அழுத்தம் பெறவேண்டுவது, ஒருவரை ஒருவர் அறியாமை என்னும் நிபந்தனையாகும். சந்தையில் ஒருவன் கட்டிவிட்ட கதையை மூவர் வந்து தனித்தனியே சொன்னால், நமக்குச் சான்று மூன்று கிடைத்ததாகத் தோன்றும், கிடைத்தது ஒன்றே. இற்றைநாட் பயிற்சிக் கூடங்களில் முதலிற் கற்பிக்கப்படும் பாடங்களுள் இதுவும் ஒன்று: செய்தி எத்தனை வாயிலாக வந்தது என்று எண்ணாதே; எத்தனை ஊற்றிலிருந்து வந்தது என்று எண்ணு.

இனி, நம் கரைக்கு அணித்தே நிகழ்ந்த ஒரு வரலாற்றை நோக்குவாம். களுதாவளைக் கடற்கரையில் நின்று வடகிழக்கே பார்ப்போர் கண்ணுக்கு நீரன்றி வேறொன்றும் தோன்றாது. ஆயின் மட்டக்களப்புக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. அது 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கியது. அக்கப்பலில் மட்டும் 307 பேர் மாண்டனர். துணைவந்த 'வம்பயர்' என்னும் அவுத்திரேலியப் போர்க்கப்பலும் உடன் மூழ்கிற்று. நம் பாட்டன்மார் கேட்ட வெடியோசைக்குப் பின்னால் உளவாய்வின் நீண்டதொரு கதை உண்டு.

சிங்கப்பூரிலிருந்த பிரித்தானியரின் மறைகுறியீட்டு நிலையம் அவ்வாண்டின் தொடக்கத்திற் கொழும்புக்கு மாற்றப்பட்டது. யப்பானியக் கடற்படையின் மறைகுறியீட்டை அதன் அறிஞர் ஓரளவே உடைத்திருந்தனர். கிடைத்தவை துண்டு துண்டான சொற்கள்; இடைவெளிகளே மிகுதி. அத்துண்டுகளைக் கொண்டே, விமானந்தாங்கிக் கப்பல்களுடன் யப்பானியர் இலங்கையைத் தாக்க வருகின்றனர் என அவர் துணிந்தனர். ஏப்பிரல் முதல் நாளளவில் தாக்குதல் நிகழும் என்றும், இரண்டோ அதற்கு மேற்பட்டோ விமானந்தாங்கிகள் வரும் என்றும் கீழைக் கடற்படையின் தலைவர் சமர்வில்லுக்கு மார்ச் மாத இறுதியில் அறிவிக்கப்பட்டது. அவர் தம் கப்பல்களைத் திரட்டி, இலங்கைக்குத் தெற்கே மார்ச் 31 முதல் ஏப்பிரல் 2 வரை காத்திருந்தார். பகைவர் வரவில்லை. கப்பல்களில் நன்னீரும் எரிபொருளும் குறைந்தன. அறிவிப்புப் பிழைத்துவிட்டது போலும் என்று எண்ணி, படையின் பெரும்பகுதியோடு மாலைதீவைச் சார்ந்த அட்டுத் தீவுக்குத் திரும்பினார். 'டோர்செற்சயர்', 'கோண்வால்' என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்கும், 'ஹேர்மிஸ்' திருகோணமலைக்கும் பிரித்தனுப்பப்பட்டன.

ஏப்பிரல் 4 ஆம் நாட் பிற்பகலில், கொக்கலையிலிருந்து 'கற்றலினா' விமானத்திற் சென்ற கனடிய வீரர் லியொனாட் பேர்ச்சல், இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில் யப்பானியப் பெரும்படையைக் கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவர் விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டது. அவர் போர் முடியும்வரை சிறையிருந்தார். அச்செய்தியாற் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல அன்றிரவே வெளியேறித் தப்பின. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, கொழும்பு தாக்கப்பட்டது. சமர்வில்லோடு மீண்டும் சேர விரைந்த 'டோர்செற்சயர்', 'கோண்வால்' இரண்டும் அன்று பிற்பகலிலே நடுக்கடலில் மூழ்க, 424 பேர் மாண்டனர். நான்கு நாட் கழித்துத் திருகோணமலை தாக்குண்டது. முன்னிரவே அத்துறைமுகத்தினின்றும் வெளியேறி நம் கரையோரமாகத் தெற்கே வந்திருந்த 'ஹேர்மிஸ்' யப்பானிய வேவு விமானத்தின் கண்ணிற்பட்டது. அவ்விமானம் தன் தலைமைக்கு அனுப்பிய செய்தியைப் பிரித்தானியர் இடைமறித்துக் கேட்டனர். திருகோணமலைக்கு விரைந்து திரும்புமாறு 'ஹேர்மிஸ்' பணிக்கப்பட்டது. கேட்டதும் மெய், உணர்ந்ததும் மெய், பணித்ததும் மெய். காலம் மட்டும் போதவில்லை. அக்கப்பலின் சொந்த விமானங்களும் அன்று அதன் மேற்றளத்தில் இல்லை. அவை கரையில் விடப்பட்டிருந்தன.

இவ்வரலாற்றில் உளவாய்வாளரின் துணிபை மூன்று கூறாகப் பிரித்து நோக்கல் வேண்டும். இடம் சரி, காலம் நாலைந்து நாள் பிழை, வலிமையைப் பற்றிய மதிப்பீடு மிகக் குறைவு. வந்தவை ஐந்து விமானந்தாங்கிகள். இம்மூன்றும் ஒரே அளவு உறுதியோடு சொல்லத்தக்கன அல்ல. எங்கு என்பதற்குச் சான்று வலிது. என்று என்பதற்கு மெலிது. எத்தனை என்பது பெரும்பாலும் ஊகம். ஆயின் கேட்போர் மனம் அவற்றை ஒரே பொருளாகக் கட்டிவைத்துக் கொள்கின்றது. ஏப்பிரல் முதல் நாள் கடந்தவுடன், பிழைத்தது நாள் மட்டுமோ, வருகை என்னும் துணிபே பிழைத்ததோ என்பது மங்கிப்போயிற்று. நீரும் எண்ணெயும் குறைந்த நிலையிற் சமர்வில் திரும்பியதைக் குறைகூறுதல் எளிது. அவரிடத்தில் நாமிருந்தாலும் அதனையே செய்திருப்போம் என்பது என் எண்ணம். வினா அவரைப் பற்றியதன்று. "நாள் கடந்தமையால் எம் துணிபு மாறவில்லை, இன்னும் ஒரு கிழமை ஆபத்து நீடிக்கும்" என்று மறுமுறை சொல்லும் கடமை யாருடையது என்பதே வினா. இற்றைநாட் பயிற்சி அதனை உளவாய்வாளரின் கடமையாக வைக்கின்றது. ஓர் எச்சரிக்கையை அனுப்பிய அளவில் அவர் வேலை முடிவதில்லை. அவ்வெச்சரிக்கை கேட்டவர் மனத்தில் இன்று எந்நிலையில் உள்ளது என்பதையும் அவர் கண்காணித்தல் வேண்டும்.

உறுதியின் அளவைச் சொல்லும் சொற்களைப் பற்றி முறையாக எண்ணியவர் சேர்மன் கென்ற் என்னும் அமெரிக்கர். யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்து, பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய உளவு நிலையத்தில் மதிப்பீட்டுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் இவர். 1951 ஆம் ஆண்டில், யூகோசிலாவியா தாக்கப்படுவதற்குக் 'கருதத்தக்க வாய்ப்பு' உண்டு என்னும் பொருள்பட அவர் குழுவினர் ஓர் அறிக்கை வரைந்தனர். அச்சொற்றொடர் நூற்றுக்கு எத்தனையைக் குறிக்கின்றது என்று ஓர் அதிகாரி வினவ, தாம் நூற்றுக்கு 65 என்று எண்ணியதாகக் கென்ற் கூறினார். அவ்வதிகாரி திடுக்கிட்டார், அவர் கொண்ட பொருள் மிகத் தாழ்ந்தது. கென்ற் தம் குழுவினரையே தனித்தனி வினவினார். நூற்றுக்கு 20 என்றவரும் இருந்தனர். 80 என்றவரும் இருந்தனர். எல்லாரும் சேர்ந்தே கைச்சாத்திட்ட வாக்கியம் அது! 1964 இல் அவர் எழுதிய கட்டுரை இதனை விரித்துரைப்பது. இக்காலத்து அமெரிக்க உளவுத்துறையின் நியமங்களில் 'நிகழக்கூடியது' என்பது நூற்றுக்கு 55 முதல் 80 வரை என்றும், 'பெரிதும் நிகழக்கூடியது' என்பது 80 முதல் 95 வரை என்றும் எல்லை கட்டப்பட்டுள்ளது.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி. 'கூடும்' என்னும் ஒரே சொல் இயலும் என்பதையும் குறிக்கும், நிகழலாம் என்பதையும் குறிக்கும். 'வரலாம்' என்பது அனுமதியா, எதிர்வுகூறலா என்பது இடம்நோக்கி அறியவேண்டியது. நம்மூரில் முதியவர் ஒருவர் வானத்தைப் பார்த்து "மழை வந்தாலும் வரும்" என்றால், குடையை எடுப்பதா விடுவதா என்பது அவர் குரலைக் கேட்டவர்க்கே விளங்கும். பேச்சில் இந்நெகிழ்ச்சி அழகு. வெள்ள அறிவித்தலில் அதுவே கேடு. 'உறுதி', 'பெரும்பாலும்', 'ஒத்த வாய்ப்பு', 'அரிது' என்னும் சில சொற்களையேனும் எண்ணோடு பிணைத்து, அரச அறிவித்தல்களில் வழங்குவது தமிழறிஞர் எடுத்துச் செய்யத்தக்க பணியாகும். கலைச்சொல்லாக்கத்திற்கு உழைத்த நம்மவர் இத்துறையை நோக்கவில்லை என்பது எனக்கொரு குறை.

இனிப் பயிற்சியின் முறை. சொற்பொழிவு கேட்டு இத்தொழிலைக் கற்றல் இயலாது. நீச்சலைப் போல இறங்கியே கற்கவேண்டும். மாணவர்க்கு முன்னர் நிகழ்ந்த ஒரு நெருக்கடியின் தாள்கள், நிகழ்ந்த ஒழுங்கிலேயே, சிறிது சிறிதாகக் கொடுக்கப்படுகின்றன. முடிவு அவர்க்குத் தெரியாது, பெயர்களும் மாற்றப்பட்டிருக்கும். முரண்பட்ட செய்தியும், பொய்ச் செய்தியும், வேறொன்றோடும் தொடர்பில்லாத செய்தியும் அவற்றிற் கலந்திருக்கும். யப்பானியர் 1941 இல் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதை ஆராய்ந்த ரொபேட்டா வூல்செற்றர் என்னும் அறிஞர் தம் 1962 ஆம் ஆண்டு நூலிற் காட்டியதும் இதுவே. குறிப்புகள் இல்லாமையால் அமெரிக்கர் ஏமாறவில்லை. இரைச்சலுக்குள்ளே குறிப்பு எதுவெனப் பிரித்தறிய முடியாமையால் ஏமாந்தனர். குறித்த நேரத்துள் மாணவர் தம் துணிபை ஒரு பக்கத்தில் எழுதவேண்டும். பின்னர் அமைச்சராக நடிக்கும் ஆசிரியர் முன்னிலையில் ஐந்து நிமிடத்திற் கூறவேண்டும். அவ்வமைச்சர் இடைமறிப்பார், சினப்பார், "ஆமா, இல்லையா?" என்று நெருக்குவார். அப்பொழுது தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாதிருத்தலே பயிற்சியின் கடினமான பகுதி.

ஒரு கருத்தின்மீது மனம் ஊன்றிவிட்டால், பின்வரும் சான்றெல்லாம் அதற்கே துணைபோவதாகத் தோன்றும். இக்குறைக்கு ரிச்சட் ஹூயர் என்பவர் ஒரு முறை வகுத்தார். அது அவர் 1999 ஆம் ஆண்டு நூலில் விளக்கப்பட்டுள்ளது. இயலத்தக்க விளக்கங்கள் அனைத்தையும் தாளின் மேலே வரிசையாக எழுதுக. சான்றுகளை இடப்பக்கத்தில் எழுதுக. ஒவ்வொரு சான்றும் எவ்விளக்கத்தோடு முரண்படுகின்றது என்று பார்க்க. மிகுதியான சான்று துணைநிற்பதை அன்று, முரண் குறைந்து நிற்பதையே கொள்ளுக என்பது அதன் சாரம். எல்லா விளக்கத்தோடும் பொருந்தும் சான்று எதனையும் நிறுவாது. தருக்கம் பயின்ற சைவ மாணவர்க்கு இது புதிதன்று. பரபக்கம் கூறி மறுத்துச் சுபக்கம் நிறுவும் முறையை அறிந்தவர் இதனை விரைவிற் பற்றிக்கொள்வர். 1973 ஆம் ஆண்டு ஒற்றோபர்ப் போரில் எகிப்தும் சிரியாவும் தாக்கியபோது இசுரவேலின் உளவாய்வாளர் ஏமாந்தது இக்குறையாலேதான். நெடுந்தூரம் செல்லும் விமானங்களைப் பெறாமல் எகிப்து போருக்கு வராது என்னும் ஒரு கொள்கையில் அவர் ஊன்றிநின்றனர். அப்போருக்குப் பின்னர், பெரும்பான்மைத் துணிபை எதிர்த்து வாதிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பிரிவு அங்கு அமைக்கப்பட்டது.

ஆய்வு செம்மையாக இருப்பினும், அது முடிவெடுப்போர் செவிக்குக் காலத்தில் எட்டாவிடின் பயனில்லை. இதற்குச் சான்று தேட நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள், பூரணை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிற்று. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அவாயித் தீவிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை நிலையத்தார் நடுக்கம் நிகழ்ந்து 15 நிமிடத்தில் முதல் அறிவித்தலை வெளியிட்டனர். நடுக்கத்தின் அளவு 8.0 என்றும், பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் அதிற் கூறினர். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் அளவை 8.5 எனத் திருத்தினர். உண்மையில் அது 9 ஐத் தாண்டியது. அவர்க்கு விதிக்கப்பட்ட வினா பசிபிக்கைப் பற்றியது. அவ்வினாவுக்கு அவர் தந்த விடை சரி. இந்துமாகடலின் கரையில் இருப்போர் கதி என்ன என்னும் வினாவைக் கேட்பதற்கோ, விடையை வாங்கிக் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் சொல்வதற்கோ அன்று முறையான அமைப்பு ஒன்றும் இல்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். கல்லடி தொடங்கித் தெற்கே நம் கரையோர ஊர்கள் வரை அன்று இழந்தவற்றை இங்கு எழுத நான் முற்படவில்லை. வாசிப்போர் பலர் அதனை என்னினும் அறிவர்.

மற்றையது 2019. அவ்வாண்டு ஏப்பிரல் 4 ஆம் நாளிலேயே, கிறித்தவ ஆலயங்கள் தாக்கப்படவுள்ளன என்னும் செய்தி வெளிநாட்டிலிருந்து இலங்கையின் உளவுத்துறைக்குக் கிடைத்தது. 1942 இற் பேர்ச்சல் படையைக் கண்டதும் அதே நாள், தாக்குதல் நிகழ்ந்ததும் அதே திருநாள் என்பது தற்செயலான ஒற்றுமையே. எனினும் நெஞ்சை உறுத்துகின்றது. 1942 இல் இருந்த இடைவெளி சில மணி. 2019 இல் இருந்தது பதினேழு நாள். அக்காலத்தில் அச்செய்தி கடிதமாக அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குச் சென்றது. ஏப்பிரல் 21 ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டனர். செய்தி கிடைத்தும் உரியவர் செயற்படாமையால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர்நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் நாள் தீர்ப்பளித்து, அந்நாளைய சனாதிபதி உள்ளிட்டோரை இழப்பீடு செலுத்தப் பணித்தது. செய்தியைக் 'கிடைத்தது, அனுப்பப்பட்டது' என்று பதிவதற்கும், "இது மெய்யாயின் இன்னின்ன செய்யவேண்டும், நாளைக்குள்" என்று சொல்வதற்கும் உள்ள தொலைவே அது. அமைச்சைப் பற்றிப் பாடுமிடத்து வள்ளுவர், வேந்தன் தானும் அறியாது அறிந்தவர் சொல்லையும் தள்ளுவானாயினும், உறுதியானதை எடுத்துரைத்தல் அருகிருப்போர் கடன் என்னும் கருத்தை அமைத்தார். கேளாத செவிக்கும் சொல்லுக என்றார். கேட்குமாறு சொல்லும் திறத்தைச் சொல்வன்மை என்னும் அடுத்த அதிகாரத்தில் வைத்தார்.

எச்சரித்து, எச்சரித்தது நிகழாவிட்டால் என் செய்வது? 2012 ஆம் ஆண்டு ஏப்பிரல் 11 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் நிலம் நடுங்கியது. இம்முறை இந்துமாகடலுக்கென எச்சரிக்கை அமைப்பு இருந்தது, அறிவித்தல் வந்தது, எழுவான்கரை மக்கள் கடலைவிட்டு விலகினர். பேரலை எழவில்லை. நிலத்தட்டுகள் மேல்கீழாக அசையாது பக்கவாட்டில் வழுக்கியமையே அதற்குக் காரணம். வீணாக ஓடினோம் என்பார் உண்டு. ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆய்வாளரை மதித்தல் தவறு. நூற்றுக்கு 30 வாய்ப்பு என அவர் சொன்னவை பத்தில், மூன்றளவு நிகழ்ந்தனவா என்று பார்த்தலே நேர்மையான அளவை. 2011 முதல் சில ஆண்டு, அமெரிக்க உளவுத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவு நடத்திய எதிர்வுகூறற் போட்டியில் பிலிப் ரெற்லொக் என்னும் பேராசிரியர் குழுவினர் ஆயிரக்கணக்கான பொதுமக்களை இவ்வாறு கணக்கு வைத்து எதிர்வுகூறச் செய்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சியே கணிப்பைத் திருத்தியது என அவர் கண்டனர்.

இப்பயிற்சியைக் கல்லூரி வகுப்பிலும் தொடங்கலாம். களுதாவளை மாணவர் ஒருவர், மாரி மூன்று மாதமும் நாடோறும் மாலையில், நாளை மழை பெய்வதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். வெற்றிலைத் தோட்டக்காரரையும் மீனவரையும் வானொலியையும் கேட்டு எழுதட்டும். மறுநாள் பெய்ததா என்று எதிரே குறிக்கட்டும். தைப்பொங்கலன்று அக்கொப்பியைத் திறந்து கூட்டிப்பார்க்கலாம். வரலாற்று வகுப்பில், 1942 ஏப்பிரல் 2 ஆம் நாள் மாலைவரை சமர்வில்லுக்குத் தெரிந்தவற்றை மட்டும் மாணவர் கையிற் கொடுத்து, ஒரு மணி நேரத்துள் ஒரு பக்கத்தில் அவர்க்கு அறிவுரை எழுதச் சொல்லலாம். எழுதிய தாள்களை ஆசிரியர் வாங்கி வைத்தபின்பே, ஏப்பிரல் 4 ஆம் நாட் பேர்ச்சல் அனுப்பிய செய்தியை வாசித்துக் காட்டவேண்டும்.